கஜனின் இடது கை

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்துக் கொலிஜ் ஒன்றின் பேஸ்போல் அணியில் பந்தெறிபவர்களை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள். மீதிப்பேர், “உதையும் ஒரு வேலையெண்டு வச்சிருக்கினமோ?” என்று கேட்பார்கள். வைத்திருந்தார்கள். தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்தேன்.

அண்மையில், என் இடத்தில் இப்போது வேலை செய்யும் இளைஞர் ரெலிபோன் எடுத்தார். மைதானத்தைச் சுற்றிக் கமராக்கள் பூட்டிவிட்டார்களாம். பந்து எப்படிச் சுழல்கிறது, முழங்கை எந்தக் கோணத்தில் வருகிறது என்பதெல்லாம் உடனே திரையில் விழுந்துவிடுகிறதாம். நீங்கள் வெறுங்கண்ணால் எதைப் பார்த்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர்களோடு ஒருநாள் வந்து பேச முடியுமா என்றும் கேட்டார். சரி என்றேன். என்ன பேசுவது என்று யோசித்தபோது, ஊரில் போர் முடிந்த அந்த வருடத்து வசந்தமும் கோடையும்தான் மனதில் வந்து நின்றன. அதை அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல என்னால் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் உடற்பயிற்சி ஆசிரியர். முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் வீடு. படிக்கிற காலத்தில் பாடசாலை அணிக்கு வேகப்பந்து வீசியவன். தொண்ணூறாம் ஆண்டு, தமிழீழம் கேட்டுப் போராடிய இயக்கம் முஸ்லிம்களை வடக்கை விட்டு வெளியேற்றியபோது புத்தளத்து முகாமுக்குப் போனோம். வாப்பா அங்கே முதல் மாரியிலேயே மௌத்தாகிவிட்டார். பிறகு கொழும்பு, அதன்பின் கனடா. இங்கே பகலில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, மாலையில் விளையாட்டுப் பயிற்சி படித்தேன். படித்த கொலிஜிலேயே விளையாட்டுக்காரரின் கணுக்காலுக்குக் கட்டுப் போடும் வேலை கிடைத்தது. அங்கிருந்து என்னைப் பேஸ்போல் பக்கம் இழுத்தவர் தலைமைப் பயிற்சியாளர் லெமே.

லெமே வடக்கே சட்பரிப் பக்கத்திலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் கத்தி நான் கேட்டதில்லை. சூரியகாந்தி விதையை மென்று, கோதைக் கடதாசிக் கோப்பைக்குள் துப்பியபடி வலைக்கு வெளியே நிற்பார்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய மண்மேட்டில் நின்று எறிபவனைப் பிச்சர் என்போம். எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன் கட்சர். கட்சருக்கு முன்பக்கமாக, சற்று விலகி, மட்டையோடு ஒருவன் நிற்பான். கிரிக்கெட்டில்போல பந்து நிலத்தில் குத்தி எழும்பாது. மட்டைக்காரனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில், அவன் உடம்புக்குப் பக்கத்தால் பறந்து போகும். பந்து கல்லுப்போல இருக்கும். நல்ல பிச்சர் ஒருவன் மனிதனுக்கு மிகக் கிட்டவாக, பயமில்லாமல், முழுப் பலத்தோடு எறியத் தெரிந்தவன். நான் சொல்லப்போவது விளங்க இவ்வளவும் போதும்.

மதிப்பீட்டின் முதல் வாரத்தில் வேகம் அளக்கும் கருவியைத் தொட லெமே விடமாட்டார். இலக்கத்தைப் பார்த்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்பார். ஒருவன் எறிவதற்கு முன் எப்படி மூச்சு விடுகிறான், பந்தைக் கையுறைக்குள் எவ்வளவு நேரம் ஒளித்துவைத்திருக்கிறான் என்று பார்க்கச் சொல்வார். பயிற்சி முடிந்ததும் மேட்டுக்குப் போய்க் குந்தி, எறிந்தவனின் முன்கால் வந்து விழுந்த பள்ளத்தைப் பார்ப்பார். நல்ல பிச்சருக்கு ஒரே பள்ளம்தான் இருக்கும். களைத்தவனின் பள்ளம் அகன்றிருக்கும். பயந்தவனுக்கு அது இரண்டாகப் பிரிந்துவிடும். நான் அவரோடு வேலை தொடங்கிய காலத்தில் மார்க்கோ என்று ஒரு பையன் இருந்தான். அணியிலேயே அவன்தான் வேகம். அவனை முதலாவதாகப் போடலாம் என்றேன். தன்னுடைய ஆள் ஒருவன் பந்தைத் தவறவிட்ட பிறகு அவன் எறிந்த அடுத்த பந்தைப் பார்த்தாயா என்று மட்டும் லெமே கேட்டார். அடுத்த போட்டியில் பார்த்தேன். தவறவிட்டவனைத் திரும்பி முறைத்துவிட்டு எறிந்தான். அந்தப் பந்தை எதிரணிக்காரன் வேலிக்கு அப்பால் அடித்தான். அன்றிலிருந்து ஒருவனுடைய கையைப் பார்க்க முன் அவனுடைய மனதைப் பார்க்கப் பழகினேன். எனக்கு அது நன்றாகவே வந்தது.

எங்களுடையது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புகள் நடக்கும் கொலிஜ். ஒவ்வொரு வசந்தத்திலும் அணியில் பாதி போய்விடும். மாரியில் உள்ளரங்கப் பயிற்சி, மே மாதத்தில் மதிப்பீடு, கோடை முழுவதும் பயிற்சி, இலை பழுக்கும் காலத்தில் போட்டிகள் என்று போகும் எங்கள் வருடம். யார் இருப்பான், யார் போவான், போகிறவனின் இடத்துக்கு யார் என்று கணித்துச் சொல்வது என் பொறுப்பு. யாரையாவது நிற்பாட்ட வேண்டிவந்தால், லெமே கதவில் பெயர் ஒட்டமாட்டார். அந்தப் பையனைத் தனியே கூப்பிட்டு, அவனுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, மைதானத்து வேலியோரமாகக் கார்கள் நிற்கும் இடம்வரை அவனோடு நடப்பார். நடக்கும்போதுதான் விஷயத்தைச் சொல்வார். முன்னால் இருத்திவைத்துச் சொன்னால் பாவம், அவனுக்கு முகத்தை ஒளிக்க இடமில்லை என்பது அவருடைய நியாயம்.

அந்த வருடம் நாங்கள் இழந்ததுபோல் வேறொரு வருடமும் பிச்சர்களை இழக்கவில்லை. பெரும்பாலானவர்கள் படிப்பை முடித்துப் போனார்கள். ஒஷாவாப் பையன்கள் இரண்டுபேரின் தகப்பன்மாருக்குக் கார்த் தொழிற்சாலையில் வேலை போக, பையன்கள் படிப்பையே விட்டுவிட்டு வேலை தேடப் போனார்கள். ஒருவனுக்குத் தோள் மூட்டு கெட்டது. மிஞ்சியவர்களில் நம்பி மேட்டில் ஏற்றக்கூடியவன் கஜன் ஒருவன்தான்.

கஜன் இடதுகைக்காரன். மெலிந்த, நெடிய பையன். சின்ன வயதில் தாயோடு கனடாவுக்கு வந்தவன். ரூஜில் வீடு. நான் பிக்கரிங்கிலிருந்து வரும் வழியில் அவனைப் பஸ் தரிப்பிடத்தில் ஏற்றிக்கொண்டு போவேன். முதல் நாள் காரில் ஏறியதும் என் தமிழைக் கேட்டுவிட்டு, “அங்கிள் நீங்க யாழ்ப்பாணமோ?” என்று கேட்டான். ஓம் என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவனுடைய அக்கா வதனி கலியாணம் செய்து வன்னியில் இருந்தாள். ஊரில் தாய் வேலைக்குப் போன காலத்தில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், இளையது பையன். கனடாவில் மாமா பந்து எறிகிறார் என்று ரெலிபோனில் சொன்னால், ஆருக்கு எறியிறார் என்று அந்தச் சின்னவன் கேட்பானாம். அதைச் சொல்லிச் சிரிப்பான்.

அந்த மாரியோடு சிரிப்பு நின்றுவிட்டது. சண்டை வன்னிக்குள் இறங்கி, சனங்களைக் கடற்கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. பங்குனியோடு அக்காவின் ரெலிபோன் நின்றது. கஜன் வகுப்பு முடிந்ததும் நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி வீதியில் கூடி நின்ற சனங்களோடு நிற்பான். அங்கே கத்திக் கத்தி, அடுத்த நாள் தொண்டை அடைத்துப்போய்ப் பயிற்சிக்கு வருவான்.

நானும் லெமேயும் அவனுடைய எறி விழுந்துபோகும் என்று எதிர்பார்த்தோம். விழவில்லை. கூடியது. வேகம் அளக்கும் கருவியில் அதுவரை அவனிடம் காணாத இலக்கங்கள் வந்தன. மற்ற உதவியாளர்கள் சந்தோசப்பட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இது அவனுடைய வேகமில்லை என்று லெமேயிடம் சொன்னேன். வழமையாக அவன் தனக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் எறிவான், இப்போது ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை என்றேன். லெமே கொஞ்ச நேரம் விதையை மென்றார். பிறகு கஜன் ஒருநாளில் எறியும் பந்துகளைப் பாதியாகக் குறைத்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அவனைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் முழுச் செலவையும் ஏற்று அங்கே படிப்பிப்பார்கள். அதுவரை கை பத்திரமாக இருக்கவேண்டும் என்றார்.

சித்திரையில் ஒரு காலை காரில் வரும்போது கஜன் திடீரென்று கேட்டான்.

“அங்கிள், நீங்க ஏன் ஒருநாளும் அங்க வாறேல்ல?”

எங்கே என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஒருநாள் நான் அந்த வீதியால் காரில் போயிருந்தேன். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நடைபாதையில் இருந்தார்கள். இறங்கிப்போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டும் போலத்தான் இருந்தது. அவர்களுக்கு மேலே பறந்த இயக்கக் கொடியைக் கண்டேன். கால் வரவில்லை.

“எங்களை ஊரிலயிருந்து அனுப்பினவையள், தம்பி.”

“ஆர், ஆமியோ?”

“இயக்கம்.”

“ஏன்?”

“முஸ்லிமெண்டபடியால்.”

கொலிஜ் வந்ததும் அவன் இறங்கி, கதவைச் சாத்தாமல் நின்றான். தனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை என்றான். குரலில் கோபம்தான் இருந்தது. யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவன் தரிப்பிடத்தில் நிற்கவில்லை. பஸ்ஸில் வந்தான். பயிற்சியில் சொன்னதைச் செய்தான், வேறு கதையில்லை. வீட்டில் என் மனைவி பரீதாவிடம் சொன்னேன். கேட்டதுக்குத்தானே பதில் சொன்னீங்கள் என்றாள் அவள். ஒரு காலை அவன் மறுபடியும் தரிப்பிடத்தில் நின்றான். ஏறி, ஆசனப் பட்டியைப் போட்டுக்கொண்டு, “அம்மாட்டக் கேட்டனான்,” என்றான். “ஓமெண்டு சொன்னவ.”

“வேற என்ன சொன்னவ?”

“அந்த நேரம் ஆரும் ஒண்டும் கேக்கேல்லயாம்.”

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அவன் நின்ற இடம் எனக்கும், நான் நின்ற இடம் அவனுக்கும் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

மே மாதத்து நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை ஒஷாவாவில் ஒரு சிநேகபூர்வப் போட்டி. அமெரிக்கப் பயிற்சியாளர் வருவது அதற்குத்தான். அந்த வாரம் ஊரிலிருந்து வந்த செய்திகளைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. லெமே கஜனைக் கூப்பிட்டு, இதைத் தள்ளிப்போடலாம், அந்த மனிதர் இன்னொரு நாள் வரச் சம்மதித்துவிட்டார் என்று சொன்னார். கஜன் மறுத்தான். நானும் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

“வீட்டில இருந்தா ரெலிபோனைத்தான் பாத்துக்கொண்டிருக்கோணும் அங்கிள்,” என்றான். “அங்க வந்தா எறியவாவது செய்யலாம்.”

நான் பார்த்த பிச்சர்களில் ஒருவரும் அப்படி எறிந்ததில்லை. மட்டைக்காரர்கள் வந்து நின்றார்கள், திரும்பிப் போனார்கள். இடைவேளையில் போய் மேட்டைப் பார்த்தேன். அவனுடைய பள்ளம் ஒன்றே ஒன்றாக, கரண்டியால் கோலி எடுத்ததுபோல இருந்தது. அமெரிக்கர் எழுந்துபோய் வேலியோடு ஒட்டி நின்றுகொண்டார்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு, உடம்புக்குப் பக்கத்தால் போகவேண்டிய ஒரு பந்து தவறி, மட்டைக்காரனின் விலாவில் பட்டது. அவன் விழுந்து முழங்காலை மடித்துச் சுருண்டான். பேஸ்போலில் இது சாதாரணம். எல்லோரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு, பந்து பட்டவனுக்குக் கிடைக்கும் முதலாம் தளத்துக்கு ஓடினான். சனங்கள் கைதட்டினார்கள். கஜன் மட்டும் மேட்டிலிருந்து இறங்கி, அவன் விழுந்துகிடந்த இடத்தைப் பார்த்தபடி நின்றான்.

அடுத்த மட்டைக்காரன் வந்தான். கஜன் மேட்டில் ஏறி, கையைத் தூக்கி, நிறுத்தினான். இறங்கினான். மறுபடி ஏறினான். மறுபடி நிறுத்தினான். நடுவர் எச்சரித்தார். பிறகு எறிந்தான். பந்து பாதிவழியில் நிலத்தில் குத்தி உருண்டது. இன்னொன்று எறிந்தான். அது வலைக்கு மேலால் போனது. லெமே நடந்துபோனார். கஜன் பந்தை அவருடைய கையில் வைத்தான்.

திரும்பி வரும்போது காரில், “அந்தப் பெடியன் நல்லா இருக்கிறானோ?” என்று கேட்டான். அவன்தான் எழும்பி ஓடினானே, ஆட்டம் முடியும்வரை நின்று விளையாடினானே என்றேன். ரூஜை நெருங்கும்போது அதையே மறுபடி கேட்டான்.

திங்கட்கிழமை, இயக்கம் அழிந்து போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இங்கே அன்று விக்டோரியா நாள், இரவில் வாணம் விடும் விடுமுறை. மாலையில் நான் கஜனின் வீட்டுக்குப் போனேன். போகத்தான் வேண்டுமா என்று பரீதா கேட்டாள். பிறகு அவளே ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டித் தந்தாள். கதவைத் திறந்தவர் கஜனின் தாய். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. சின்ன உருவம், இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன. கூடம் நிறையச் சனம். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. ஒருவரும் அழவில்லை. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. பக்கத்துப் பூங்காவில் பிள்ளைகள் இருட்டும்வரை பொறுக்காமல் வாணம் கொளுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் யாராவது ஒருவரின் தோள் துடித்தது.

பக்கத்திலிருந்த வயதானவர், தம்பி ஊரில் எவ்விடம் என்று கேட்டார். சோனகதெரு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப உங்களுக்கு இண்டைக்குச் சந்தோசமா இருக்கும்,” என்றார்.

கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதரிடம் என்ன சொல்வது? என் வாப்பாவை மண்ணில் வைத்த நாளில்கூட எவருக்கும் இப்படி ஒரு நாள் வரவேண்டுமென்று நான் கேட்டதில்லை. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கஜனின் தாய் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். “அவர் என்ர வீட்டுக்கு வந்திருக்கிறார் அண்ணை,” என்றார் அந்த வயதானவரிடம். “உப்பிடிக் கதையாதேங்கோ.” முதல் கோப்பையை எனக்கு நீட்டினார். நான் குடித்துவிட்டு வந்தேன். கஜன் அறையை விட்டு வெளியே வரவேயில்லை.

ஆனியில் செய்தி வந்தது. வவுனியா முகாமிலிருந்த அக்காவின் கணவர், யாரோ ஒருவருடைய ரெலிபோனில் கதைத்தார். கஜன் அதை எனக்குக் காரில் சொன்னான். “அக்கா இல்லை. சின்னவனும் இல்லை.” ஷெல் விழுந்ததாம். மூத்த பெண் தகப்பனோடு முகாமில் இருக்கிறாளாம். நான் காரை ஓரமாக நிறுத்தப் போனேன். நிற்பாட்ட வேண்டாம், பயிற்சிக்கு நேரமாகிறது என்றான்.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் முயன்றோம். அவன் கையை மூன்று பேர் பரிசோதித்தார்கள். நரம்பு, தசை, மூட்டு, எலும்பு எல்லாம் சுத்தம். நான் எறியும் தூரத்தைப் பாதியாக்கினேன். வலைக்கு எறியவிட்டேன். முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பந்துப் பிடியை மாற்றி என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்யவைத்தேன். வலைக்கு எறிந்தால் பழைய கஜன். கட்சர் மட்டும் குந்தியிருந்தாலும் பரவாயில்லை. மட்டையோடு ஒருவன் வந்து நின்றால் பந்து நிலத்தில் குத்தும், இல்லாவிட்டால் வானத்துக்குப் போகும். லெமே அவனைக் கொலிஜின் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். சிலமுறை போய்வந்தான்.

“அவ நல்ல மனிசி அங்கிள். ஆனா அவவுக்கு இலங்கைப் படம் கீறிக் காட்டிறதிலயே என்ர நேரம் போகுது.”

ஒருநாள் பயிற்சிக்குப் பிறகு மேட்டில் இருந்தபடி அவனாகவே சொன்னான்.

“ஆள் நிக்கேக்க எறிய ஏலாம இருக்கு.”

“அவன் விலகுவானெல்லோ. அவனுக்கு விலகத் தெரியும்.”

“விலக இடமில்லாட்டி?”

நான் அதை ஆங்கிலத்தில் லெமேயிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, மட்டையில்லாமல், மட்டைக்காரன் நிற்கும் இடத்தில் தானே போய் நின்றார். அறுபதைத் தாண்டிய மனிதர். எறி, பட்டாலும் பரவாயில்லை, நான் கேட்டுத்தான் நிற்கிறேன் என்றார். கஜன் கையைத் தூக்கினான். இறக்கினான். திரும்பவும் தூக்கினான். பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தபடி நின்றார்கள். கடைசியில் அவன் பந்தைப் பிடித்தபடியே மேட்டில் இருந்துவிட்டான். லெமே தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்து, போதும், இனி அவனைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்றார்.

ஆவணி கடைசியில் அணியை முடிவாக்க வேண்டும். கஜனை வைத்திருந்தால் மேட்டில் ஏறக்கூடிய ஒருவனுக்கு இடமில்லாமல் போகும். என் மதிப்பீட்டை லெமே கேட்டார். உள்ளதைச் சொன்னேன். கை குறையில்லை, ஆனால் எறியமாட்டான், இந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை என்றேன். ஓய்வு பெறும்வரை நான் சொன்ன மதிப்பீடுகளில் இதைப்போல உறுதியாகச் சொன்னது வேறொன்றில்லை. லெமே, இந்த முறை நீதான் சொல்லவேண்டும், அவன் அதைத் தன் மொழியில் கேட்கட்டும் என்றார்.

மூன்று பேரும் வேலியோரமாக நடந்தோம். கஜனுக்கு விளங்கிவிட்டது. லெமே அவனுடைய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் கதை தனக்கு விளங்காது என்பதால் ஓரடி பின்னால் வந்தார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். பாதிதான் சொல்லியிருப்பேன்.

“தெரியும் அங்கிள். எனக்குத் தெரியும். விடுங்கோ.”

கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு அவன் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

“உங்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லேக்க, ஆராவது இப்பிடி உங்களோட நடந்து வந்தவையே?”

“இல்லை,” என்றேன். “கேற்றடியில நிண்டு பாத்தவையள். சில பேர் அழுதவையள்.”

“ஒருத்தரும் வரேல்லயோ?”

“வரேல்ல.”

கார்கள் நின்ற இடம் வந்தது. அவன் லெமேயிடமிருந்து பையை வாங்கி, அவருக்குக் கைகொடுத்தான். எனக்குக் கைகொடுக்கவில்லை. பக்கத்தில் வந்து, ஒரு கணம் தலையை என் தோளில் வைத்துவிட்டு எடுத்தான். அன்று என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். இல்லை, பஸ்ஸில் போகிறேன் என்றான்.

அந்த இலையுதிர் காலம் நாங்கள் ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் தோற்றோம். அமெரிக்கப் பயிற்சியாளர் ஒருமுறை ரெலிபோன் எடுத்துக் கேட்டார், பிறகு எடுக்கவில்லை. கஜன் படிப்பையும் விட்டான். தப்பி முகாமில் இருந்த அக்காவின் மகளைக் கனடாவுக்குக் கூப்பிட அவனும் தாயும் வருடக்கணக்காக அலைந்தார்கள். சரிவரவில்லை. அவளைப் பார்க்காமலே தாய் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். அந்தச் சனத்துக்குள் என்னைத் தெரிந்தவர்கள் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. லெமே வேலையை விட்டு வடக்கே போய், அங்கேயே இறந்தார். நான் வேலையைத் தொடர்ந்தேன். வசந்தம் வரும், பாதிப்பேர் போவார்கள், புதியவர்கள் வருவார்கள். சரியாகத்தான் கணித்துச் சொன்னேன். ஆனால் ஒருவன் நன்றாக எறியும்போது முன்பு எனக்குள் ஒன்று எழும்புமே, அது பிறகு வரவில்லை.

போன மாரியில் பிக்கரிங் ரயில் நிலையத்தில் அவனைக் கண்டேன். தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை என்றான். கலியாணம் செய்யவில்லை. பரீதா அன்ரி சுகமோ என்று கேட்டான். சுகம் என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், கை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

“நல்லா இருக்கு அங்கிள்,” என்றான்.

ரயில் வந்தது. ஒரு பெண், குழந்தை படுத்திருந்த தள்ளுவண்டியை ரயில் படியில் ஏற்றமுடியாமல் தடுமாறினாள். கஜன் விரைந்துபோய், குழந்தையோடு வண்டியை இடது கையால் தூக்கி, குலுக்காமல் உள்ளே வைத்தான். என் கண் தன்பாட்டில் அவனுடைய தோளுக்குப் போனது. தோள் தடையில்லாமல் சுழன்றது. முழங்கை இருக்கவேண்டிய உயரத்தில் இருந்தது. அவனும் ஏறிக்கொள்ள, கதவு மூடி ரயில் போய்விட்டது. நான் மேடையில் நின்றேன். அந்தக் கையில் இன்றைக்கும் ஒரு பழுதும் இல்லை.